இருமலுக்கு ஒரு சிரட்டை

சிலருக்கு நாய் ஊளையிட்டால் ஆகாது. சிலருக்குப் பல்லி சொன்னால் ஆகாது. அக்காவுக்கு இருமல் கேட்கக்கூடாது. கோயிலிலோ கடற்கரையிலோ வேலிக்கு அந்தப் பக்கத்திலோ யார் இருமினாலும் அவருடைய கை தானாக மடிக்குப் போகும். மடியில் அலுமாரியைத் திறக்கும் திறப்பு. அலுமாரிக்குள் சாராயப் போத்தல். போத்தலுக்குப் பக்கத்தில், தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டை.

"நெஞ்சு கறகறக்குது. இந்தா, இதைக் குடிச்சிட்டுப் போ."

அவ்வளவுதான் வைத்தியம். குடித்தவன் முகத்தைச் சுளித்து, மார்பைத் தடவி, சற்று நேரத்தில் இருமலை நிறுத்துவான். அக்காவின் முகம் தெளியும். "பாத்தியே, பிடிச்சிட்டுது" என்று சொல்லிச் சிரட்டையைக் கழுவி வைப்பார்.

அக்கா என்றால் என்னோடு கூடப் பிறந்தவர் அல்ல. அரசாங்க ஏஜண்டுத் துரை குதிரையை விட்டு மோட்டாரில் வரத் தொடங்கியிருந்த காலம் அது. மன்னார்த் தீவில், தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்துக்கு என்னை வாத்தியாராக அனுப்பினார்கள். எனக்கு அறையும் சோறும் தந்த வீட்டுக்காரிதான் அக்கா. புருஷன் இறந்தபின் அவர் விட்டுப்போன கரைவலையையும் வள்ளத்தையும் தானே நடத்திய சம்மாட்டி. ஊரில் சம்மாட்டி என்றால் மீசை இருக்கவேண்டும் என்பது வழக்கம். அக்காவுக்கு மீசை இல்லாத குறையை அவருடைய குரல் தீர்த்துவைத்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் விடத்தல்தீவுக்காரன். கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தவுடன் வாந்தி எடுக்கிறவன். அதனால்தான் வாத்தியார் ஆனேன். அதோடு மகா பயங்காளி. காலில் முள் குத்தினால் காலை எடுக்கவேண்டி வருமோ என்று யோசிப்பேன். ஒருநாள் தும்மியபோது மூக்கைப் பொத்திய லேஞ்சியில் சிவப்பாக ஏதோ பட்டது. நேரே பங்குச் சுவாமியாரிடம் ஓடி, முழங்காலில் நின்று, பிறந்ததிலிருந்து செய்த பாவம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சுவாமியார் பொறுமையாகக் கேட்டார், மன்னித்தார், கடைசியில் மெல்ல ஒரு கேள்வி கேட்டார்.

"வாத்தியார், வெத்திலை போட்டனீங்களோ?"

இப்படிப்பட்டவன், இருமலைக் கேட்டால் பதறுகிற ஒருவரின் வீட்டில் போய்க் குடியிருந்தேன். ஒரு பயத்துக்கு இன்னொரு பயம் துணை.

வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் அந்தக் கரையில் விடியற்காலை நிற்க முடியாது. மணல் பாதத்தைக் கடிக்கும். கரைவலை இழுக்கிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு பிடிக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்குமுன் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்து ஊற்றிக்கொண்டு வருவார். எல்லோருக்கும் ஒரு சிரட்டை உண்டு. இருமினவனுக்கு இரண்டு. ஆகவே அந்தக் கரையில் இருமாத ஆண்மகன் கிடையாது. எட்டத்தில் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிறவர்கள் அக்காவைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக் குனிவார்கள். கோயிலில் பிரசங்கம் நீண்டால், அக்காவுக்குக் கேட்கும்படியாக ஆண்கள் பகுதியில் ஒரு இருமல் புறப்படும். அது அடுத்தவனுக்குத் தாவும். பிரசங்கம் முடியும்போது பாதிக் கோயில் இருமும்.

அக்கா மட்டும் ஒரு துளி வாயில் வைத்ததில்லை. "எனக்கு என்னத்துக்கு? எனக்கு ஒரு தடிமன் தும்மல்கூட வாறேல்லை" என்பார். சொன்னது உண்மைதான். வாடை வந்தால் வலை இழுக்கிறவர்களில் யாராவது ஒருவர் நெஞ்சுக் காய்ச்சலில் படுத்து எழும்பாமல் போவார். அவர்களுக்குப் பக்கத்திலிருந்து பார்த்த அக்காவை மட்டும் ஒன்றும் தொடாது. ஊருக்கு உழைக்கிற புண்ணியம் என்றார்கள். நானும் நம்பினேன்.

கருவாடு வாங்க எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வருவார். உப்புத் தூசியும் மீன் தூளும் ஏறிய நெஞ்சு. வருஷம் முழுக்க இருமுவார். அவருக்குச் சாராயம் ஆகாது என்பதால் அக்கா இஞ்சி தட்டிப் போட்ட மல்லித்தண்ணி கொடுப்பார். கொடுத்துவிட்டு, அவர் போனபின் கண் கலங்குவார்.

"பாவம், அந்த நானா. மார்க்கம் விடாது. மருந்தில்லாமல் எப்பிடித்தான் தப்பப்போறாரோ."

நானா அடுத்த வருஷமும் வருவார், அதற்கடுத்த வருஷமும் இருமிக்கொண்டே வருவார். ஒருமுறை என்னைக் கேட்டார்: "என்ன வாத்தியார், போன முறை எனக்கு மூட்டை தூக்கித் தந்த பொடியன் எங்க? அவனும் மவுத்தாப் போனானா? இப்பிடியே போனா எனக்குக் கருவாடு யாரு தாறது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் எங்களுக்குத் தெரியவேண்டியது எல்லாம் கிடந்தது. எடுத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் அந்த ஊர் குடியை விட்டுவிடும். சாராயத் தவறணைக்காரன் கதவைச் சாத்தாமல் சாத்தினதுபோல் ஈ ஓட்டுவான். அக்கா மட்டும் தவக்காலத்திலும் சிரட்டையை எடுத்தார். சுவாமியார் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "இந்தக் காலத்திலாவது ஊத்தாமல் விடுங்கோ" என்றார். நான் அறை வாசலில் நின்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

"சுவாமி, என்ரை மனிசனும் ஒரு தவக்காலத்திலை நேர்த்தி வைச்சுக் குடியை விட்டவர். ஊரெல்லாம் மெச்சினது. பெரிய கிழமைக்குக் கிட்டவாக மழையிலை நனைஞ்சு காய்ச்சல் வந்தது. நெஞ்சு அடைக்குது, ஒரு சிரட்டை தா எண்டு கேட்டவர். நேர்த்தி முறியும், பொறுங்கோ எண்டு நான் சொன்னன். கையை நீட்டிக் கேட்டவர் சுவாமி. நான் குடுக்கேல்லை. இருமி இருமியே போனவர்."

சுவாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் அன்றுதான் விளங்கியது. அக்கா ஊற்றிய ஒவ்வொரு சிரட்டையும் அந்த நீட்டிய கைக்கு ஊற்றியது.

அக்காவுக்கு ஒரு தம்பி. வலையை எங்கே வளைப்பதென்று கடலைப் பார்த்துச் சொல்லும் மண்டாடி அவர்தான். தோளைச் சரிக்காமல் வீட்டுக் கதவால் நுழைய முடியாத உடம்பு. விடியற்காலை அக்காவின் சிரட்டை, மத்தியானம் கள்ளு, பொழுதுபட்டால் தவறணை. இவ்வளவுக்கும் அவர் தள்ளாடி யாரும் கண்டதில்லை. என்னைக் கண்டால் அவருக்கு ஒரே கொண்டாட்டம்.

"வாத்தியார், நீங்கள் செத்தால் தூக்க நாலு பேர் தேவையில்லை. நான் ஒரு கையாலை கொண்டுபோய் வைச்சிட்டு மற்றக் கையாலை சுருட்டுப் பத்துவன்."

"நீங்கள் செத்தால்?"

"என்னை ஆர் தூக்குறது? வலையைப் போட்டு இழுக்கவேண்டியதுதான்."

அந்த வருஷத்து வாடை மழையோடு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். பிறகு நான் படுத்தேன். வெறும் தடிமன் அல்ல. விலாவில் ஊசி ஏற்றினதுபோல் குத்து, பல் அடிக்கிற குளிர், துப்பினால் துருப்பிடித்த நிறத்தில் சளி. இந்த முறை வெற்றிலை போடவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் உடனே சாகத் தொடங்கினேன். குடை என் தம்பிக்கு, கோட்டு மச்சானுக்கு, அகராதி பள்ளிக்கூடத்துக்கு என்று சுவரைப் பார்த்துப் பங்கு பிரித்தேன். கோட்டு மச்சானுக்குச் சின்னதாக இருக்குமே என்று அந்தக் காய்ச்சலிலும் கவலைப்பட்டேன்.

அக்கா சிரட்டையோடு வந்தார். குடித்தேன். உள்ளே போன வேகத்தில் அது திரும்பி வந்து அவருடைய காலில் விழுந்தது. பின்னேரம் கொஞ்சம் தண்ணீர் கலந்து தந்தார். அதுவும் வந்தது. அடுத்த நாள் முட்டை அடித்துக் கலந்து தந்தார். அது வந்த விதத்தை எழுத வேண்டாம். வள்ளத்தில் வாந்தி எடுக்கும் என் வயிறு கட்டிலிலும் தன் குணத்தைக் காட்டியது. அக்கா அலுமாரியைப் பூட்டிவிட்டு வாசலில் நின்று சொன்னார்:

"வாத்தியாருக்கு மருந்து தங்குதில்லை."

அதை அவர் சொன்ன தொனியில் சாகப்போகிறவனுக்குச் செய்யும் அவஸ்தைபூசுதல் எனக்கு முடிந்துபோனது. அன்று மத்தியானம் ஊர்த் தச்சன் சும்மா சுகம் விசாரிக்க வந்தான். வந்தவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான், காலிலிருந்து தலைவரை மறுமுறை பார்த்தான். "பெரிய பலகை தேவைப்படாது" என்று அவன் முற்றத்தில் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

அதே நாட்களில்தான் அக்காவின் தம்பியும் காய்ச்சலோடு கரையிலிருந்து வந்தார். அவரை அடுத்த அறையில் கிடத்தினார்கள். எங்களுக்கு நடுவே கிடுகுத் தட்டி மட்டும். அவருக்கு மருந்து தங்கியது. அக்கா ஊற்ற ஊற்ற, நல்ல பிள்ளையாகக் குடித்தார். முதலில் என்னைப் போலத்தான் இருமினார். பிறகு இருமல் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. அவர் பேசாமல் படுத்துக் கிடந்தார்.

நானோ குரைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இருமலுக்கும் விலா பிளந்தது. கோப்பை நிறையச் சளி வந்தது. ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கும் கேட்குமென்று சொன்னார்கள். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் வாசலுக்கு வருவார்.

"கொஞ்சம் அடக்கிப் பாருங்கோ வாத்தியார். அவனைப் பாருங்கோ, எவ்வளவு அமைதியாக் கிடக்கிறான்."

நான் வாயைத் தலையணையில் அழுத்தி அடக்கிப் பார்த்தேன். என் நெஞ்சு அக்காவுக்கும் கட்டுப்படவில்லை.

வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவன் என்பதால் சுவாமியார் மன்னாருக்கு ஆள் அனுப்பி, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடியாக இருந்த அப்போதிக்கரியை வரவழைத்தார். காலை ரயிலில் வந்தார். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். கதிரையை இழுத்துப்போட்டு, குழாயைக் காதில் மாட்டி, என் முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இருமும்."

இருமினேன்.

"இன்னும்."

இருமினேன். கோப்பையைப் பார்த்தார். "நல்ல இருமல்" என்றார்.

என் இருமலை ஒருவர் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்தது. "ஐயா, எனக்கு மருந்து தங்கேல்லை. சாராயம் எல்லாம் சத்தியா வெளியிலை வந்திட்டுது. தப்புவனோ?"

"தங்காதது உம்மட நல்ல காலம்" என்றவர் அப்படியே நிறுத்தி, தட்டிப் பக்கம் தலையைத் திருப்பினார். "அங்காலை ஆர் மூச்சு விடுறது?"

தம்பியைப் பார்க்கும்படி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல என்ன இருந்தது? அமைதியாகப் படுத்திருக்கிறவரை யார் வைத்தியனிடம் காட்டுவார்கள்? அவர் எழுந்து போனார். நான் தட்டியின் இடுக்கால் பார்த்தேன். தம்பியின் மார்பு நாய் இளைப்பதுபோல் ஏறி இறங்கியது. நகக்கண்கள் நீலம். தொண்டைக்குள் ஏதோ கொதிக்கிற சத்தம். அதை இத்தனை நாளும் நான் குறட்டை என்று நினைத்திருந்தேன்.

"எப்ப கடைசியா இருமினவர்?"

அக்காவின் குரலில் பெருமை. "முந்தநாளோடை நிண்டிட்டுது ஐயா. மருந்து நல்லாப் பிடிச்சிட்டுது."

அப்போதிக்கரி முக்காலியில் இருந்த சிரட்டையை எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார். வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார்.

"அம்மா, இருமல் நிண்டது சுகமில்லை. நெஞ்சுக்குள்ளை ஊத்தை வந்தால் வெளியிலை தள்ளுறதுக்குத்தான் இருமல். அதுதான் அங்கை காவல். சாராயம் காவல்காரனை நித்திரையாக்கிப் போட்டுது. சளி எல்லாம் உள்ளையே தங்கிக் கிடக்குது."

"ஆஸ்பத்திரியிலை நீங்களே பிராந்தி குடுக்கிறனீங்கள்" என்றார் அக்கா. "என்ரை கண்ணாலை கண்டனான்."

"குடுத்தனாங்கள்தான். படிச்ச பெரியாக்கள் சொன்னவை, குடுத்தனாங்கள். இப்ப எனக்கு அதிலை நம்பிக்கையில்லை. நெஞ்சுக் காய்ச்சலோடை வாற குடிகாரரை நான் கன வருஷமாப் பாக்கிறன். வாட்டிலை எல்லாரிலும் பெரிய உடம்பு அவைக்குத்தான். முதல் போறதும் அவைதான். இரத்தத்திலையும் கிருமியோடை சண்டைபிடிக்க ஆக்கள் இருக்கினம், அம்மா. குடிவெறியிலை அவையும் நேரத்துக்கு வந்து சேராயினம்."

அக்கா நிமிர்ந்தார். கையில் இருந்த கடைசிச் சாட்சியை எடுத்துவைத்தார்.

"என்ரை மனிசன் குடியாமல்தான் செத்தவர். அவர் கேட்டு, நான் குடாமல்தான் செத்தவர்."

"எவ்வளவு காலம் குடிச்சவர்?"

"கலியாணத்துக்கு முந்தியே."

"விட்டது?"

"அந்த ஒரு தவக்காலம்."

அப்போதிக்கரி குழாயைச் சுருட்டினார். "அவ்வளவு காலம் ஊறின நெஞ்சு அந்தக் கொஞ்ச நாளிலை பழைய பலத்துக்கு வராது. நீங்கள் குடாமல் விட்டதாலை அவர் சாகேல்லை, அம்மா. அதை மனசிலை வைச்சிருக்க வேண்டாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பல வருஷமாகச் சுமந்த ஒன்றை அவருடைய தலையிலிருந்து இறக்கிய அதே வார்த்தை, இறக்கிய கையோடு வேறொன்றை ஏற்றிவிட்டது. அக்கா சிரட்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

பிறகு கட்டிலில் ஏறி, அந்தப் பெரிய உடம்பைத் தன் மடியில் சாய்த்து இருத்தி, முதுகில் தட்டத் தொடங்கினார்.

"தம்பி, இருமடா. ஒருக்கா இருமு. என்ரை ராசா எல்லே, அக்காவுக்காக ஒருக்கா இருமு."

தம்பி கண்ணைத் திறந்தார். யாரோ தூரத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இருமு ராசா."

அப்போது ஒரு இருமல் கேட்டது. அக்கா தலையை உயர்த்தி, "இருமினான் ஐயா, இருமினான்" என்றார்.

அது நான்.

வாழ்நாளில் வாய் திறக்கக்கூடாத எத்தனையோ இடத்தில் வாய் திறந்திருக்கிறேன். அப்படி ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தலையணையைக் கடித்தேன். அது இன்னும் பெரிதாக வந்தது. அக்கா தட்டிப் பக்கம் திரும்பினார். இடுக்கில் என் கண்ணைக் கண்டிருப்பார். மறுபடி தம்பியின் முதுகில் தட்டினார்.

பின்னேர ரயிலில் மன்னாருக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. வலை இழுக்கிறவர்கள் வந்து, பாய்மரத் துணியைக் கம்பில் கட்டி அவரைத் தூக்கினார்கள். ஆறு பேர் போதாமல் இன்னும் இருவர் பிடித்தார்கள். ஸ்டேசனில் கிடத்தி வைத்திருந்தபோது, ரயில் வருமுன் அவர் போய்விட்டார். இருமவே இல்லை என்று தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள்.

நான் பிழைத்தேன். தச்சன் என்னை வீதியில் கண்டால் பலகை வாங்கி ஏமாந்தவன்போல் முகத்தைத் திருப்பினான்.

அடுத்த வாடைக்கு அக்கா பெரிய கேத்தலோடு கரைக்கு வந்தார். கேத்தலில் மல்லித்தண்ணி. ஆட்கள் பழைய வழக்கப்படி நெஞ்சைப் பிடித்து இருமினார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்றினார். முணுமுணுத்தார்கள். சிலர் வேறு சம்மாட்டியிடம் போனார்கள். சிலர் முதல்நாளே தவறணையில் வாங்கி ஒளித்துவைத்துக் குடித்துவிட்டு வந்தார்கள்.

"அவங்களைத் தடுக்கேலாதே, அக்கா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறவன் குடிக்கட்டும் வாத்தியார். என்ரை கையாலை இல்லை" என்றார். அந்தச் சிரட்டை கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் இடத்தில் கிடந்தது.

இதெல்லாம் நடந்து வெகுகாலம். நாற்பது தாண்டியபின் எனக்கு ஒரு புதுப் பயம் வந்திருக்கிறது. முன்பு இருமினால் பயந்தேன்; இப்போது தடிமன் பிடித்து இருமல் வராவிட்டால் பயப்படுகிறேன். காவல்காரன் இருக்கிறானோ என்று பார்க்க நானே ஒருமுறை செருமிப் பார்ப்பேன். மனைவி இதை மூளைக் கோளாறு என்கிறாள். அவளுக்கு அந்த வீட்டின் காலைகள் தெரியாது.

அந்தக் காய்ச்சல் சுகமாகி நான் எழும்பிய கொஞ்ச நாளில் அது தொடங்கியது. விடிந்து, நான் கட்டிலில் கிடக்கும்போது, வாசலுக்கு வெளியே மணலில் காலடி வந்து நிற்கும். போகாது. ஒருநாள் கேட்டேன்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை. நித்திரையோ எண்டு பாத்தன்."

அப்படிச் சொல்லியும் போகவில்லை. எனக்கு உண்மையில் இருமல் இல்லை. நெஞ்சு காய்ந்து சுத்தமாகிவிட்டது. படுத்தபடியே யோசித்தேன். பிறகு தொண்டையைச் செருமி, கரையில் அந்த ஆட்கள் செய்வதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை உரக்க இருமினேன்.

வெளியே ஒரு மூச்சு விடுகிற சத்தம். காலடி மெல்ல அடுப்படிப் பக்கம் போயிற்று.

மாற்றலாகி அந்த ஊரை விட்டுப் போகும்வரை, ஒவ்வொரு விடியலிலும், அக்காவின் காலடி வாசலை விட்டுப் போகும்வரை இருமினேன்.